முனுசாமி பங்கு

ஆள் எண்ணுவது என் தொழில். மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். விடிவதற்கு முன்பே மணி அடிக்கும். தொழிலாளர்கள் களத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். வந்தவன் குரல் கொடுப்பான். வராதவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு இழுப்பேன். இதற்குப் பெரட்டு என்று பெயர். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், தொண்டை நன்றாக இருந்தால் போதும்.

வராதவன் ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை. காய்ச்சலா, கள்ளா, பெண்டாட்டியோடு சண்டையா, அதெல்லாம் கங்காணியின் பாடு. எனக்குக் கோடு.

என் அண்ணன் முனுசாமி பிறந்தது மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலிக்குப் போகிற வழியில் உள்ள ஒரு மீனவர் குப்பத்தில். நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில். நடுவில் எங்கள் அப்பா யாரோடோ கோபித்துக்கொண்டு குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டார். இந்த ஒரு வித்தியாசத்தால் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டியே முதுகு வளைந்த அண்ணனுக்கு வேலை பெர்மிட் கூடத் தர மறுத்துவிட்டார்கள். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த குப்பத்துக்கே போனான். அங்கே கலியாணமும் செய்துகொண்டான். மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு அது நின்றது. "போய் அவன் மூஞ்சியைப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள் அம்மா. நான் இந்தியாவுக்குப் போனது அதற்காகத்தான், கோயில் குளம் பார்க்க அல்ல.

செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஏரி. ரயிலடியை ஒட்டியே அவ்வளவு பெரிய ஏரி. ஆனால் தண்ணீர் நடுவில்தான் கிடந்தது. ஓரமெல்லாம் வெடித்த சேறு. எங்கள் பக்கத்தில் மழை யாரையும் கேட்காமல் தினமும் வந்துவிட்டுப் போகும். இங்கே அதற்காக ஒரு ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் என் கறுப்புக் கண்ணாடியையும் தாண்டி உள்ளே வந்தது.

ரயிலடிக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். சோறு நன்றாக இருந்தது, கத்தரிக்காய் சாம்பார் அதைவிட நன்றாக இருந்தது. மெஸ்காரர் கல்லாவை விட்டு எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் குனிந்து எதையோ பார்த்துவிட்டு வந்தார். பந்திக்குப் பந்தி இப்படிப் போனார். என்ன என்று கேட்டேன்.

"எலய எண்ணிகினு வரேன் சார். எத்தினி பேரு துன்னாங்கன்னு சர்வர் ஒண்ணு சொல்றான், கல்லா ஒண்ணு சொல்லுது. எல பொய் சொல்லாது."

எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. இது நம் ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவு ஒரு லாட்ஜில் மூட்டைப்பூச்சிகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு மறுநாள் காலை பஸ் ஏறினேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். பின்னாலிருந்து முன்னால் வரை விரலை நீட்டி எண்ணினார். முன்னாலிருந்து பின்னால் வரை இன்னொரு முறை எண்ணினார்.

"ஒரு ஆளு ஜாஸ்தி கீது. டிக்கெட் எடுக்காதவங்க மரியாதயா சொல்லிடுங்கோ. சொல்ற வரிக்கும் வண்டி நவுறாது."

வண்டிக்குள் அனல் ஏறியது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பழக்க தோஷம், நானும் எண்ணிவிட்டேன். என் கணக்கில் ஆள் கூடவில்லை. அதைச் சொன்னேன்.

"நீ இன்னா செக்கரா?" என்றார் கண்டக்டர்.

கடைசியில் விஷயம் வெளியே வந்தது. மூன்றாவது சீட்டில் ஒருவர் தையல் மிஷினை வைத்து, தூசி படாமல் பழைய புடவையைப் போர்த்தியிருந்தார். கண்டக்டர் அதை ஒரு கிழவி என்று எண்ணிவிட்டார். வண்டியே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கோபத்தில் மிஷினுக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

திருக்கழுக்குன்றத்தில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் காற்றில்லாமல் இருந்தது. "அவசரப்படாதீங்க, மலை மேல போய்க் கழுகு பாத்துட்டு வாங்க" என்றார் டிரைவர். நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகுமாம். படியேறிப் போனேன். நல்ல கூட்டம். குருக்கள் கிண்ணத்தைப் பாறை மேல் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். வானத்தில் ஒன்றுமில்லை. வெகு நேரம் தட்டினார். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

"கும்பல்ல யாரோ பாவி கீறான். அதான் வரல" என்றார் ஒருவர். எல்லோரும் ஏனோ என்னைப் பார்த்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல நான். இருந்தாலும் அன்று முழுவதும் மனசு சரியில்லை.

மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். தெருவெல்லாம் உளிச் சத்தம். கடற்கரையில் பரட்டைத் தலை வெள்ளைக்காரப் பையன்கள் வேட்டியை லுங்கி மாதிரிச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் இன்னொருவனிடம் ஆங்கிலத்தில், "இங்கே நாம் வந்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டான். "யார் எண்ணினார்கள்?" என்றான் மற்றவன். பெற்றவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லத் தோன்றியது. ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் சவுக்குத் தோப்பை ஒட்டி மணலில் வடக்கே நடந்தேன். குப்பம் வருவதற்கு முன்பே பாட்டுச் சத்தம் வந்தது. கரையில் ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று பெரிய வலையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் களத்து வரிசை போலத்தான், ஆனால் இவர்கள் பின்பக்கமாக நடந்தார்கள். வலை கரையேறியது. காரப்பொடியும் நெத்திலியுமாகக் கொஞ்சம் மீன். பெண்கள் கூடைகளோடு வந்து மணலில் உட்கார்ந்தார்கள்.

வலைக்குச் சொந்தக்காரர் பெயர் கன்னியப்பன். காதில் கடுக்கன், இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அவர் மீனைப் பங்கு வைக்கத் தயாரானார். ஆட்களைப் பார்த்ததும் என் விரல் தானாக எழுந்தது. பக்கத்தில் நின்ற இளைஞன் என் விரலைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"ஆள எண்ணக் கூடாது அண்ணாத்த. கடலுக்குக் கேட்டுடும். பேரச் சொல்லிக் கூப்புடலாம், எண்ண மட்டும் கூடாது."

கன்னியப்பன் அப்படித்தான் செய்தார். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பெயருக்கு உரியவன் "கீறேன்" என்றான்; இருக்கிறேன் என்பது அவர்கள் பேச்சில் அப்படி. உடனே ஒரு பங்கு மீன் மணலில் விழுந்தது. அவன் வீட்டுப் பெண் வந்து அள்ளிக்கொண்டாள். என் தோட்டத்துப் பெரட்டே இங்கே நடக்கிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முனுசாமி!"

"கீறான்!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு பங்கு விழுந்தது. நெற்றி நிறையக் குங்குமமும் தலையில் கனகாம்பரமுமாக ஒரு பெண் வந்து அள்ளினாள்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை ஒளிக்க மாட்டேன். மணலில் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. பயல் இருக்கிறான்! கடிதம் எழுதச் சோம்பேறித்தனம், வேறென்ன. எப்படித் திட்டுவது என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். கூட்டத்தில் அவனைத் தேடினேன். எல்லா முகங்களும் கறுத்து, உப்புப் பூத்து ஒன்று போல இருந்தன. நேராக அந்தப் பெண்ணிடம் போனேன்.

"அண்ணி, நான் முனுசாமியின் தம்பி. மலேயாவிலிருந்து வருகிறேன். அண்ணன் எங்கே?"

அவள் என்னைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். சுற்றி நின்ற ஆண்கள் கன்னியப்பனைப் பார்த்தார்கள். கன்னியப்பன் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முகவாயைத் திருப்பிப் பார்த்தார்.

"ஜாட அப்டியே கீது" என்றார். "மொதல்ல வூட்டாண்ட வா நைனா. நாஸ்தா துன்னு. அப்பால பேசிக்கலாம்."

கீற்று வீடு. அண்ணி எல்லம்மா பழைய சோறு போட்டு, காலையில் அள்ளிய காரப்பொடி மீனைக் குழம்பு வைத்து ஊற்றினாள். நான்தான் பேசினேன். தோட்டத்தைப் பற்றி, அம்மாவைப் பற்றி, பஸ்ஸில் தையல் மிஷின் கிழவியைப் பற்றி. மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு மீன் குழம்பை நான் எங்கும் சாப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு காரப்பொடியைத் தொட்டதுமில்லை.

கை கழுவிய பிறகு கன்னியப்பன் சொன்னார். போன ஐப்பசியில் வலை வளைக்கப் போன படகை அலை புரட்டிப் போட்டிருக்கிறது. மற்றவர்கள் நீந்திக் கரைக்கு வந்துவிட்டார்கள். ரப்பர் மரத்தடியில் வளர்ந்தவனுக்கு நீச்சல் எங்கே வரும்? சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கரையோரமாகத் தேடியிருக்கிறார்கள். உடம்பு ஒதுங்கவில்லை.

"அப்படியானால் காலையில் இருக்கிறான் என்று சொன்னது யார்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"எல்லாந்தான் சொல்றோம். ஒரு நாளு இவன், ஒரு நாளு அவன். ஒடம்பு கரைக்கு வந்திருந்தா அதுவே சொல்லிடும், அவன் இல்லன்னு. வரலியே. எங்க வாயால எப்டி எடுக்கறது? கூடப் பொறந்த ரத்தம் வந்து நின்னு, பேரக் கூப்புடும்போது இல்லன்னு சொல்லணும். கட்டிக்கினவ சொல்லக் கூடாது. அது வரிக்கும் அவன் கீறான். அவன் பங்கு கீது."

"எங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாமே?"

"எழுதினா நாங்க சொன்னதா ஆயிடுமே நைனா."

எங்கள் தோட்டத்திலும் செத்தவன் பெயருக்குக் குரல் கொடுக்கிற ஆட்கள் உண்டு. சம்பளத்தைக் கங்காணி எடுத்துக்கொள்வான். நானே பிடித்திருக்கிறேன். அது திருட்டு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இங்கே கால் வயிற்றுக் கஞ்சி குடிக்கிற மனிதர்கள் தங்கள் மீனிலிருந்து தினமும் ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களை என்ன சொல்வது? கோபப்படக் கூட வழியில்லை. அண்ணன் போய்விட்டான் என்று அழவும் முடியவில்லை. காலையில்தானே ஊரே சேர்ந்து இருக்கிறான் என்றது.

பகல் முழுவதும் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்திருந்தேன். யோசிக்க யோசிக்க ஒரு வழி தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிடுவது. அண்ணிக்குப் பங்கு வந்துகொண்டிருக்கும், பூவும் பொட்டும் இருக்கும். அம்மாவிடம், அண்ணன் வடக்கே எங்கோ வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடலாம். அவளுக்கும் பிள்ளை இருப்பான். எல்லோருக்கும் நல்லது. இப்படி முடிவு கட்டியதும் கொஞ்சம் நிம்மதி கூட வந்தது.

பொழுது சாயும்போது அண்ணி தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். நான் என் முடிவைச் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"எனக்கு மீன் வாணாம் தம்பி."

"பிறகு சாப்பாட்டுக்கு?"

"கோவளத்துல எங்க அண்ணன் வூடு கீது. உப்பளத்துல வேல கீது. கை கால் கீது. இங்கேருந்து நவுறத்தான் முடியல. தெனம் அவரு பங்க வாங்க நான் கூடயோட போயி குந்தணும். பொட்டு வெச்சிகினு, பூ வெச்சிகினு. ஒரு நாளு போவலன்னா வூட்டுக்கே கொண்டாந்து கொட்டிட்டுப் போறாங்க. நல்ல மனுசங்க. ஏசக் கூட முடியல."

குடத்தின் வாயில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள்.

"நான் இன்னும் அழுவல தம்பி. அலை பொரட்டின அன்னிக்கு வாய்விட்டேன். பொம்பளிங்க வந்து வாயப் பொத்திட்டாங்க. இருக்கறவனுக்கு எவளாச்சும் அழுவாளான்னாங்க. கடுதாசி போடலாம்னு வாத்தியாராண்ட போனேன். இன்னான்னு எழுதட்டும்னு கேட்டாரு. கீறாருன்னா, இல்லன்னா? எனக்குச் சொல்லத் தெரியல. திரும்பி வந்துட்டேன். நீங்கோ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுங்கோ. ஒங்களால மட்டுந்தான் ஆவும்."

நான் பார்க்க வந்தது அண்ணன் முகத்தை. அவன் இல்லை என்று சொல்வதற்காகக் கடல் தாண்டி வரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவளுக்கு என்னைவிட வயது குறைவு என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் காலை நான் கரைக்கு வந்ததும், பதில் சொல்ல வேண்டியவன் முழுகியிருக்க வேண்டும் என்று என்னைக் கடலில் முழுக்குப் போடச் சொன்னார்கள். ஈர வேட்டியோடு வந்த எனக்குக் கயிற்று வரிசையில் ஓரிடத்தைக் காட்டினார் கன்னியப்பன். அங்கேதான் அண்ணன் நின்று இழுப்பானாம். நானும் நின்றேன். கயிறு இரண்டு இழுப்பிலேயே உள்ளங்கையைச் சுட்டது. பேனா பிடித்த கை. பக்கத்தில் நின்றவர்கள் என் பாரத்தையும் சேர்த்து இழுத்தார்கள்.

அன்று மீன் கொஞ்சம் அதிகமாகவே விழுந்திருந்தது. வஞ்சிரம் கூட ஒன்றிரண்டு துள்ளின. கன்னியப்பன் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். கீறேன், கீறேன் என்று வரிசையாகப் பதில் வந்தது. என் பாட்டனுக்கு முன்னாலிருந்தே இந்தக் கரையில் இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்திருக்கும் என்று ஏதேதோ நினைத்தேன். வேறு எதையாவது நினைக்க வேண்டியிருந்தது.

"முனுசாமி!"

இன்று யாரும் குரல் கொடுக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணி பெண்களோடு கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முனுசாமி!"

வாயைத் திறந்தேன். எத்தனையோ பேருக்கு எதிரே கோடு இழுத்தவன் நான். அவர்கள் வீட்டில் யாராவது இப்படி உட்கார்ந்திருந்தார்களோ என்னவோ. கன்னியப்பனின் கையில் மீன் காத்துக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் மாறவில்லை.

"முனுசாமி!"

"இல்லை" என்றேன்.

"காதுல வுழல நைனா."

"இல்லை!"

அவர் கையிலிருந்த மீனை, யாருடைய பங்கிலும் போடாமல், வலையிலேயே திரும்பப் போட்டார். அடுத்த பெயரை அவர் கூப்பிடவில்லை. பெண்கள் எழுந்து அண்ணியைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி அவள் தலைப் பூவில் கை வைத்தாள். இனி அவள் அழுவாள், அவள் கேட்டது அதைத்தானே என்று நினைத்தேன். என் கடமை முடிந்தது என்று கூட நினைத்தேன்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கூடையை உதறிவிட்டு, பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"நல்லா பாத்தியா?" என்றாள். "நேத்து வந்தவன் நீ. ஒனக்கு இன்னா தெரியும்? நல்லா பாத்தியா நீ? இன்னொரு தபா பாரு. பாத்துட்டுச் சொல்லு!"

என் ஈர வேட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். கன்னியப்பன் அவளைத் தடுக்க வரவில்லை. அவள் சொன்னபடி திரும்பிப் பார்த்தேன். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு முகமாக, அவசரப்படாமல் பார்த்தேன். அவர்களும் தலையை நிமிர்த்தி முகத்தைக் காட்டினார்கள். படகுப் பக்கம் பார்த்தேன். கடலையும் பார்த்தேன்.

பிறகு அவள் பக்கம் திரும்பி, இன்னொரு முறை சொன்னேன்.